குழாயின் சுவரைக் கேட்டறியும் கழியொலி

மன்னார்ப் படுகையில் இயற்கை வாயு இருப்பது 2011 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. ‘கெய்ன் லங்கா’ நிறுவனம் ஆழ்கடலில் தோண்டிய டொராடோ, பரகூடா ஆகிய இரு கிணறுகளிலும் வாயு கிடைத்தது. அது இன்னமும் கடலடியிலேயே கிடக்கிறது. என்றாவது ஒருநாள் அது கரைக்கு வருமானால் உருக்குக் குழாய்களின் வழியாகவே வர வேண்டியிருக்கும். மன்னாரின் அயல் மாவட்டங்களில் வாழும் நாம் அந்தக் குழாயைப் பற்றி இப்போதே கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

உயர்தர வகுப்பில் அலைகள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. “மண்ணத் தோண்டாம, குழாய வெட்டாம, அதுட சுவர் மெலிஞ்சி போச்செண்டு எப்பிடி டீச்சர் கண்டுபிடிக்கிறது?” என்று ஒரு மாணவி கேட்டாள். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அடங்காத கேள்வி அது. அதற்குரிய விடையைப் பெற்றோரும் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடியவாறு இங்கே எழுதுகிறேன்.

நகரம் என்னும் கிராமத்தில் நடந்தது

ஆந்திரப் பிரதேசத்தில், 2014 இல் கிழக்குக் கோதாவரி மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த ‘நகரம்’ என்று ஒரு கிராமம் இருக்கிறது. தென்னைகள் சூழ்ந்த ஊர். இந்திய அரசுத்துறை நிறுவனமான ‘கெயில்’ பதித்த 18 அங்குல விட்டமுள்ள வாயுக் குழாயொன்று அவ்வூரின் ஊடாகச் சென்றது. 2014 யூன் 27 ஆம் திகதி அதிகாலையில் அந்தக் குழாய் வெடித்தது. வெளியேறிய வாயு பரவித் தீப்பற்றிக்கொண்டது. 20 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் கடைகளும் தென்னை மரங்களும் கருகிப்போயின.

விசாரணையில் வெளிவந்த காரணம் நாம் கவனிக்க வேண்டியது. உலர்ந்த வாயுவைக் கொண்டுசெல்வதற்கென அமைத்த குழாயில் நீரும் வேறு திரவங்களும் கலந்த ஈர வாயு சென்றிருக்கிறது. அந்த ஈரம் குழாயின் உட்சுவரை அரித்திருக்கிறது. அரிப்பு ஒரே நாளில் நடக்கவில்லை. வருடக்கணக்காக, மண்ணுக்கடியில், எவர் கண்ணிலும் படாமல் நடந்துவந்தது.

இயற்கை வாயுவில் பெரும் பகுதி மெதேன். அதனோடு சிறிதளவு காபனீரொட்சைட்டும் சில வேளைகளில் ஐதரசன் சல்பைட்டும் கலந்திருக்கும். நீர் இல்லாதபோது இவை உருக்குக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. நீர் சேர்ந்தால் காபனீரொட்சைட்டு அதில் கரைந்து காபோனிக் அமிலமாகிறது. நீர் பள்ளத்தை நாடும் என்பது நமக்குத் தெரியும். குழாயிலும் அப்படித்தான். குழாய் தாழ்ந்து வளைந்து செல்லும் இடங்களில், அதன் அடிப்பாகத்தில், அமில நீர் தேங்கி நின்று சிறு சிறு குழிகளைத் தோண்டுகிறது. இந்த உள்ளரிப்போடு வெளிப்புறத்தில் மண்ணின் ஈரத்தால் ஏற்படும் துரு, உருக்கைத் தயாரிக்கும்போதே உள்ளே அமைந்துவிட்ட படை பிரிவுகள், நீண்ட கால இழுவையால் தோன்றும் மயிரிழை வெடிப்புகள் என்று வேறு குறைகளும் உண்டு.

மெலிந்த சுவர் ஏன் ஆபத்தானது?

ஓர் எளிய கணக்கைச் செய்து பார்ப்போம். குழாயின் உள்ளிருக்கும் வாயு சுவரைச் சுற்றுவட்டமாக இழுக்கிறது. இந்த இழுவையால் உண்டாகும் தகைப்பு, அமுக்கத்தையும் விட்டத்தையும் பெருக்கிச் சுவர்த் தடிப்பின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும்.

450 மில்லிமீற்றர் விட்டமும் 9 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். உள்ளே வளிமண்டல அமுக்கத்தைப் போல் சுமார் 50 மடங்கு அமுக்கம், அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீற்றருக்கும் ஏறத்தாழ 5 நியூட்டன் விசை இருக்கிறது என்போம். 5 ஐ 450 ஆல் பெருக்கி 18 ஆல் வகுத்தால் 125 வருகிறது. வாயுக் குழாய்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஒரு வகை உருக்கு, சதுர மில்லிமீற்றருக்கு சுமார் 360 நியூட்டன் வரை நிலையாக உருமாறாமல் தாங்கும். ஆகவே பயமில்லை. இப்போது குழாயின் ஒரு நீண்ட பகுதி அரிக்கப்பட்டுத் தடிப்பு 3 மில்லிமீற்றராகிவிட்டது என்று வையுங்கள். தகைப்பு 375 ஆகிவிடுகிறது. எல்லை தாண்டிவிட்டது. அமுக்கத்தை எவரும் கூட்டவில்லை. வாயுவின் அளவும் மாறவில்லை. சுவர் மட்டும் மெலிந்தது.

ஆகவே குழாயைக் காப்பவர்களுக்குத் தெரிய வேண்டிய முதல் தகவல், இந்த இடத்தில் இன்று சுவர் எத்தனை மில்லிமீற்றர் என்பதே. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்கு, ஒவ்வொரு சில மில்லிமீற்றருக்கும் அந்த விடை வேண்டும்.

தட்டிப் பார்க்கும் கலை

சந்தையில் வத்தகப்பழம் வாங்கும்போது உம்மா அதைத் தட்டிப் பார்க்கிறார். மண்பானை வாங்கினாலும் விரலால் சுண்டிப் பார்க்கிறார். கீறல் விழுந்த பானையின் ஓசை வேறு, நல்ல பானையின் ஓசை வேறு. பொருளுக்குள் ஒலியை அனுப்பி அதன் நிலையை அறிவது மிகப் பழைய கலை. குழாய்ச் சோதனையும் இந்தக் கலையின் வளர்ச்சிதான். அங்கே தட்டுவதும் கேட்பதும் கருவியின் வேலை.

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரையிலான மீடிறனுள்ள ஒலியைக் கேட்கும். அதற்கு மேற்பட்டது கழியொலி. தமிழ்நாட்டில் இதனை மீயொலி என்பார்கள். உருக்கைச் சோதிக்கப் பொதுவாக 20 இலட்சம் முதல் 50 இலட்சம் ஹேட்ஸ் வரையிலான கழியொலி பயன்படுகிறது. இவ்வளவு உயர்ந்த மீடிறன் எதற்கு? அலைநீளம் சிறியதாக இருந்தால்தான் சிறிய குறைகளும் அகப்படும். உருக்கில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 5,900 மீற்றர் வேகத்தில் செல்கிறது. 50 இலட்சம் ஹேட்ஸ் என்றால் அலைநீளம் 1.2 மில்லிமீற்றர் அளவில் வந்துவிடும்.

இந்த ஒலியை உண்டாக்குவது ஒரு சிறு பளிங்கு. குவாட்ஸ் போன்ற சில பளிங்குகளை அமுக்கினால் அவற்றில் மின் தோன்றுகிறது என்பதை 1880 ஆம் ஆண்டு பிரான்சில் பியர் கியூரியும் அவரது சகோதரர் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். அதன் மறுதலையும் உண்மை. மின்னைக் கொடுத்தால் பளிங்கு அதிர்கிறது. ஆகவே ஒரே பளிங்கு வாயாகவும் காதாகவும் வேலை செய்யும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் போல் லாஞ்செவின் இதைக்கொண்டு கடலுக்குள் கழியொலியை அனுப்பி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் முறையை உருவாக்கினார். உலோகத்தின் உட்குறைகளையும் இவ்வாறு தேடலாம் என்று 1928 இல் ரஷ்ய விஞ்ஞானி சேர்கேய் சோகொலொவ் முன்மொழிந்தார். அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபுளோயிட் ஃபயர்ஸ்டோன், எதிரொலியைக் கேட்டுக் குறையைக் காணும் கருவிக்கு 1942 இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கருவிகள் அந்த வழியில் வந்தவை.

எதிரொலியில் ஒளிந்திருக்கும் அளவு

கிணற்றை எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால் குரல் திரும்பி வருகிறது. கிணறு ஆழமானால் குரல் திரும்ப எடுக்கும் நேரமும் கூடும். குழாய்ச் சுவரிலும் அதுவே நடக்கிறது. பளிங்கு மிகச் சிறிய ஒலித் துடிப்பொன்றை அனுப்புகிறது. அது சுவரின் உட்பரப்பில் பட்டதும் ஒரு பகுதி தெறித்துத் திரும்புகிறது. இது முதல் எதிரொலி. மீதி சுவருக்குள் புகுந்து வெளிப்பரப்பில் தெறித்து வருகிறது. இது இரண்டாவது எதிரொலி. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் சுவரின் தடிப்பு வந்துவிடும்.

சுவர் 10 மில்லிமீற்றர் என்றால் இடைநேரம் 3.4 மைக்ரோ செக்கன். ஒரு செக்கனைப் பத்து இலட்சம் பங்காக்கி அதில் மூன்றரைப் பங்கைக்கூட எட்டாத நேரம். இடைநேரம் 2 மைக்ரோ செக்கனாகக் குறைந்தால் தடிப்பு 5.9 மில்லிமீற்றராகக் குறைந்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு விடயமும் இதிலேயே தெரிந்துவிடும். உட்புறம் அரிக்கப்பட்டிருந்தால் உட்பரப்பு உணரியிலிருந்து விலகியிருக்கும். எனவே முதல் எதிரொலியே பிந்தி வரும். வெளிப்புறம் அரிக்கப்பட்டிருந்தால் முதல் எதிரொலி உரிய நேரத்தில் வரும், இடைவெளி மட்டும் சுருங்கும். சுவர் எவ்வளவு மெலிந்தது என்பதோடு எந்தப் பக்கத்தில் மெலிந்தது என்பதும் கிடைக்கிறது. உள்ளரிப்பானால் வாயுவை உலர்த்த வேண்டும். வெளியரிப்பானால் குழாயின் மேற்பூச்சைத் திருத்த வேண்டும். நோயின் இடம் தெரிந்தால்தான் மருந்து சொல்லலாம்.

ஸ்கேன் அறையில் பூசும் ஜெல்

வைத்தியசாலையில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஸ்கேன் செய்யும்போது வயிற்றில் குளிர்ந்த ஜெல் பூசுவார்கள். பல தாய்மார் இதை அனுபவித்திருப்பார்கள். அது எதற்காக? கருவிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய காற்றுப்படை இருந்தாலும் கழியொலி உடலுக்குள் போகாது. அந்தக் காற்றை அகற்றவே ஜெல் பூசப்படுகிறது.

ஒவ்வொரு ஊடகமும் ஒலிக்கு ஒரு தடையைக் காட்டுகிறது. அடர்த்தியையும் ஒலியின் வேகத்தையும் பெருக்கினால் அந்தத் தடை கிடைக்கும். இரண்டு ஊடகங்களின் தடைகள் ஒத்துப்போனால் ஒலி எளிதாகக் கடக்கும். பெரிதும் வேறுபட்டால் தெறித்துத் திரும்பிவிடும். உருக்கின் தடை நீரினதைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு. காற்றினதைப் போல் ஒரு இலட்சம் மடங்குக்கும் மேல். நீரிலிருந்து உருக்குக்குள் ஒலிச் சக்தியில் நூற்றுக்குப் 12 பங்கு அளவில் புகுந்துவிடும். காற்றிலிருந்தோ ஒரு இலட்சத்தில் மூன்று, நான்கு பங்குதான் புகும்.

எண்ணெய்க் குழாய்க்கும் வாயுக் குழாய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக் களஞ்சியத்துக்குச் செல்லும் குழாய்களைப் போன்றவற்றில் எண்ணெய் நிறைந்திருக்கும். அந்த எண்ணெயே ஜெல்லின் வேலையைச் செய்துவிடும். வாயுக் குழாயில் அப்படியொரு திரவம் இல்லை. அமுக்கப்பட்ட வாயு சாதாரண காற்றைவிட ஒலியைச் சற்று நன்றாகக் கடத்தினாலும் அது போதாது.

இதில் ஒரு வியப்பும் இருக்கிறது. வாயுவுக்குள் புக மறுக்கும் அதே குணந்தான் குறையைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. உருக்குக்குள் ஒரு வெடிப்பு இருந்தால் அதனுள் இருப்பது வாயுதானே. சுவருக்குள் ஓடிவரும் ஒலி அந்த வெடிப்பின் முகத்தில் பட்டதும் ஏறக்குறைய முழுவதுமாகத் தெறித்துத் திரும்புகிறது. வாசலில் தடையாக நிற்கும் வாயு, உள்ளே சாட்சியாக மாறிவிடுகிறது.

குழாய்க்குள் பயணிக்கும் கருவி

சோதனைக் கருவி குழாயின் விட்டத்துக்குப் பொருந்திய ஒரு நீண்ட உருளை. நான் அதைக் ‘குழாய்ப் பயணி’ என்று அழைப்பேன். குழாயின் ஒரு முனையில் உள்ள விசேட அறையில் வைத்து மூடிவிட்டால், பின்னாலிருந்து தள்ளும் வாயுவின் அமுக்கமே அதனை முன்னே கொண்டுபோகும். அதைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான உணரிகள் வளையமாகப் பொருத்தப்பட்டிருக்கும். சுவரை ஒட்டி ஓடும் சில்லுகள் கடந்த தூரத்தைப் பதியும். மின்கலமும் நினைவகமும் உள்ளேயே இருக்கும். மறுமுனையில் அதை வெளியே எடுத்துப் பதிவுகளைக் கணினியில் விரித்தால், எத்தனையாவது கிலோமீற்றரில், மணிக்கூட்டின் எந்த எண் இருக்கும் திசையில் சுவர் மெலிந்திருக்கிறது என்பது தெரியும். ஆறு மணித் திசை என்றால் அடிப்பாகம். தேங்கிய நீரின் வேலை பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

திரவம் இல்லாத வாயுக் குழாயில் இந்தப் பயணியை எப்படிப் பயன்படுத்துவது? மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, கருவிக்கு முன்னும் பின்னும் தடுப்பான்களை வைத்து, நடுவில் நீர் அல்லது வேறு திரவத்தை நிரப்பி, அந்தத் திரவத் துண்டுக்குள்ளேயே கருவியை அனுப்புவது. அளவு துல்லியமாக வரும். ஆனால் வாயு விநியோகம் தடைப்படும். பின்னர் குழாயை முழுமையாக உலர்த்தவும் வேண்டும். உலர்த்தாமல் விட்டால் நோயைத் தேடப் போய் நோயைக் கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது, ஒலியை விட்டுக் காந்தத்தை நாடுவது. வலுவான காந்தங்களால் சுவரைக் காந்தமாக்கினால், சுவர் மெலிந்த இடத்தில் காந்தப் புலம் வெளியே கசியும். அந்தக் கசிவை உணரிகள் பதியும். 1960களின் நடுப்பகுதியிலிருந்து நடைமுறையில் உள்ள இம்முறை இன்றும் வாயுக் குழாய்களில் பரவலாகப் பயன்படுகிறது. இது தடிப்பை நேரடியாக அளப்பதில்லை, கசிவைக்கொண்டு மதிப்பிடுகிறது. குழாயின் நீளவாக்கில் ஓடும் மெல்லிய வெடிப்புகள் இதற்கு எளிதில் அகப்படுவதில்லை.

மூன்றாவது, காந்தத்தையும் ஒலியையும் சேர்ப்பது. ஒரு காந்தத்தின் கீழ் கம்பிச் சுருளொன்றை வைத்து அதில் உயர் மீடிறனுள்ள ஆடலோட்ட மின்னைச் செலுத்தினால், அருகிலுள்ள உருக்கின் மேற்பரப்பில் சுழி மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. காந்தப் புலத்தில் ஓடும் மின்னோட்டத்தின் மீது விசை தாக்கும் என்பது உயர்தரப் பாடத்தில் நாம் படிப்பது. அந்த விசை உருக்கையே அதிர வைக்கிறது. ஒலி வெளியிலிருந்து புக வேண்டியதில்லை, சுவருக்குள்ளேயே பிறந்துவிடுகிறது. ஜெல்லும் வேண்டாம், நீரும் வேண்டாம். 2000களின் தொடக்கத்திலிருந்து இவ்வகை உணரிகளுள்ள கருவிகள் வாயுக் குழாய்களில் வெடிப்புகளைத் தேடப் பயன்பட்டு வருகின்றன. இவற்றின் சமிக்ஞை மிகவும் மெலிதானது. உணரி சுவரை மிக நெருங்கியிருக்க வேண்டும். குழாய் முதலில் நன்றாகத் துப்புரவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

வெடிப்புகளைத் தேடுவதில் ஒலியின் திசையும் முக்கியமானது. சுவருக்குச் செங்குத்தாகப் போகும் ஒலி, சுவருக்குச் செங்குத்தாகவே நிற்கும் வெடிப்பை அதன் ஓரமாகக் கடந்து போய்விடும். கதவின் விளிம்பை நேரே பார்த்தால் அதன் அகலம் தெரியாதது போல. அதற்காக ஒலியை 45 பாகை அளவில் சாய்த்து அனுப்புவார்கள். சாய்ந்து வந்த ஒலி, சுவரும் வெடிப்பும் சேரும் மூலையில் பட்டு, வந்த வழியே திரும்பிவிடும்.

கருவி போக முடியாத குழாய்

அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் நகருக்கு அருகே, 2000 ஓகஸ்ட் 19 ஆம் திகதி 30 அங்குல விட்டமுள்ள வாயுக் குழாய் வெடித்தது. ஆற்றங்கரையில் முகாமிட்டிருந்த ஒரே குடும்பத்து உறவினர் 12 பேரும் இறந்தனர். 1950 இல் பதித்த குழாய் அது. வெடித்த இடத்தில் உள்ளரிப்பினால் சுவர்த் தடிப்பில் நூற்றுக்கு 72 பங்கு வரை இல்லாமற் போயிருந்தது. அந்தப் பகுதி சோதனைக் கருவி செல்லக்கூடியவாறு அமைந்திருக்கவில்லை. இவ்விபத்துக்குப் பின் 2002 இல் அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது. சனநெருக்கமுள்ள இடங்களால் செல்லும் வாயுக் குழாய்களைக் குறித்த கால இடைவெளிகளில் பரிசோதித்தே ஆக வேண்டும் என்று அது வகுத்தது.

நகரமும் கார்ல்ஸ்பாடும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. சுவரின் மெலிவை அறியும் அறிவு இரண்டு விபத்துகளுக்கும் முன்னரே உலகில் இருந்தது. அது உரிய இடத்தில், உரிய காலத்தில் பயன்படவில்லை. ஆகவே எதிர்காலத்தில் நமது பிரதேசத்தில் ஒரு வாயுக் குழாய் பதிக்கப்படுமானால், பொதுமக்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். குழாய்க்குள் சோதனைக் கருவி போய்வரக்கூடியவாறு வளைவுகளும் வாயில்களும் அமைக்கப்பட்டுள்ளனவா? எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பார்கள்? சோதனையில் கண்ட மெலிவுகள் திருத்தப்பட்டனவா என்பதை ஊராருக்கு யார் அறிவிப்பார்கள்? இவற்றைக் கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

வீட்டுக்கும் ஒரு சொல்

2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் சமையல் காஸ் வெடிப்புகள் நிகழ்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சிலிண்டரில் அடைக்கப்படும் வாயுக் கலவையின் விகிதம் மாறியமை அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. குழாய்களைச் சோதிக்கும் கருவி நம் குசினிக்கு வராது. ஆனால் சவர்க்கார நீர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. சிலிண்டரைத் திறந்துவிட்டு, ரெகுலேற்றரிலும் ரப்பர்க் குழாயின் இரு முனைகளிலும் சவர்க்கார நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி எழும்பினால் கசிவு இருக்கிறது. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கவே கூடாது. மெதேன் காற்றைவிட இலேசானது, மேலெழுந்து போய்விடும். சமையல் காஸோ காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு படிந்து நிற்கும். ஆகவே மணம் வந்தால் மின் ஆளிகளைத் தொடாமல் கதவு யன்னல்களைத் திறந்து விடுங்கள்.

பொருளைச் சிதைக்காமல் அதன் உட்குறைகளை அறியும் இந்தத் துறை, வாயுக் குழாய்களோடு முடிந்துவிடுவதில்லை. ரயில் தண்டவாளங்கள், விமானச் சிறகுகள், கொதிகலன்கள், பாலங்கள் எல்லாவற்றிலும் இதற்கு வேலை உண்டு. இலங்கை அணுசக்திச் சபை இத்துறையில் பயிற்சி நெறிகளை நடத்துகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் நமக்கு அருகே கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் இருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தொழினுட்பக் கற்கைகள் பீடம் உண்டு. இப்படியான படிப்பு பெண்பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று எண்ணும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வேலையின் பெரும் பகுதி கணினித் திரையில் ஆயிரக்கணக்கான எதிரொலிகளைப் பொறுமையோடு பார்த்து, நல்லது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரித்தறிவது. கூரிய கண்ணும் அவசரமில்லாத மனமும் வேண்டிய வேலை. நமது வகுப்பறைகளில் அத்தகைய பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள்.